ஏகாம்பரத்துக்குச் சொல்லாமல் விட்ட செய்தி

சனிக்கிழமை மாலைகளில் எனக்கு எதிரே அமர்ந்து, என் தோசையின் ஓரத்தை என்னைக் கேட்காமலே கிள்ளி எடுத்த என் வசந்தாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதே கடிதத்தின் முறை. உன்னிடம் அதைக் கேட்க வழியில்லாததால் இங்குள்ள நலத்தை மட்டும் எழுதுகிறேன். நம் பெண் மல்லிகா வேலூரில் சௌக்கியமாக இருக்கிறாள். ஏரி இந்த ஆண்டு நிறைந்தது. கடைத்தெருவை நெல் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. போன மாதம் எனக்கு ஐம்பது வயது முடிந்தது. அன்று வீட்டில் பாயசம் வைக்கவில்லை.

இனி, நான் எழுத வந்த விஷயம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இத்தனை ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்து, பொய்யான ஒரு எல்லைக்கோட்டைக்கூட என் மேசையைத் தாண்டவிடாதவன் நான் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு பொய் சொன்னேன், வசந்தா. ஒரு நாள் அல்ல, ஐப்பசி முதல் மாசி வரை, சனிக்கிழமைதோறும் சொன்னேன். அது உன்னைப் பற்றிய பொய். நம் ஓட்டலில் வைத்துச் சொன்னேன்.

நம் ஓட்டல் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்க நேர்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, நெல் மண்டிக்கு அடுத்த கட்டடம். முன்புறம் ஆண்கள் உட்காரும் ஹால். பின்புறம் பலகைத் தடுப்பு, அதற்கு ஒரு நீலத் திரை, திரைக்கு மேலே 'பேமிலிக்கு மட்டும்' என்று எழுதிய தகரப் பலகை. உள்ளே இரண்டு மேசைகள், கைகழுவும் தொட்டி, அதன் மேல் ரசம் போன ஒரு கண்ணாடி.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் அந்தத் திரைக்குள் நாம் நுழைந்தபோது மல்லிகாவுக்கு நான்கு வயது. நீ அதற்கு முன் ஓட்டல் வாசலையே மிதித்ததில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். சப்ளையர் ஏகாம்பரம் வந்தார். அன்றைக்கே அவருக்கு முன்மண்டை வழுக்கை.

"இட்லி, வடை, போண்டா, பூரி, சாதா, மசாலா, ரவா, ஆனியன் ரவா, ஊத்தப்பம்…"

சுவரைப் பார்த்திருந்த நீ திரும்பினாய். "அண்ணே, கொஞ்சம் மூச்சு வுட்டுக்கினு சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல."

"மூச்சு வுட்டா தோச தீஞ்சிடும் தங்கச்சி. இன்னா வோணும், அத்த மட்டும் சொல்லு."

"எது ரொம்ப நேரமாவும்?"

"ரவா நேரமாவும்."

"அப்ப ரவா. சீக்கிரமா வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப் போறோம்?"

ஏகாம்பரம் சிரித்த சிரிப்பு திரைக்கு வெளியே ஹால் முழுவதும் கேட்டது. ஒரு பெண்ணுடைய பேச்சுக்கு அந்நிய ஆடவர் இப்படிச் சிரிப்பது முறையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உனக்கு ஓர் அண்ணனும் அவருக்கு ஒரு தங்கையும் கிடைத்திருந்தார்கள். மல்லிகாவுக்கு அவர் மாமா ஆனார். என்னிடம் மட்டும் அவர் கடைசி வரை 'சார்' என்றார். அதையும் ஒரு நாள் உன்னிடம் விளக்கினார்: "மொறைக்கு சார் எனக்கு மாப்ள. ஆனா மாப்ளன்னு கூப்ட்டா மொதலாளி என்ன மாவாட்ட அனுப்பிடுவாரு. அதான் சாரு."

அதன் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! நம் தேவசகாயமும் அவன் மனைவி மேரியும் சேர்ந்துகொண்ட நாட்களில் அந்தச் சிறிய மேசை கொள்ளாது. அலுவலகத்தில் என் கையெழுத்துக்கு அஞ்சுகிற தேவசகாயம் அந்த மேசையில் உன்னோடு சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வான். நான் சட்னியைத் தனியாகவும் சாம்பாரைத் தனியாகவும் வைத்து உண்பதைக் காட்டி நீ சொல்வாய்: "உங்க அப்பாவுக்கு ரெண்டும் கலக்கக் கூடாதுடி மல்லிகா. கலந்துட்டா பத்திரம் செல்லாது." மேரிக்குப் புரை ஏறும். ஏகாம்பரம் கேளாமலே மூன்றாவது கிண்ணம் காரச் சட்னியைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

அவரிடம் உன் பெயரை நாம் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆவணியில் உன்னைச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து, ஏனாத்தூருக்கு அருகில் உள்ள என் பூர்வீக ஊரில் எல்லாக் காரியங்களையும் முறைப்படி செய்து முடித்தேன். யார் யாருக்குச் செய்தி போக வேண்டும் என்று என் கையாலேயே அகர வரிசையில் பட்டியல் எழுதினேன். உறவினர் ஒரு தாள், அலுவலகத்தார் ஒரு தாள், அக்கம்பக்கத்தார் ஒரு தாள். தந்தி அடித்தது என் தம்பி. பத்திரிகை அச்சடித்தது காஞ்சிபுரத்தில் ஒரு அச்சகம். நேரில் சென்று சொல்ல வேண்டிய இடங்களுக்கு ஆட்கள் போனார்கள். யாரும் விடுபடவில்லை என்று இருமுறை சரிபார்த்தேன். ஓட்டலுக்கென்று ஒரு தாள் எழுத எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி முதல் சனிக்கிழமை, உத்திரமேரூர் வீட்டில் தனியே இருக்க முடியாமல் ஓட்டலுக்குப் போனேன். தனியாளுக்கு உரிய இடம் ஹால். ஆகவே ஹாலில் உட்கார்ந்தேன். சந்தை நாள் போலக் கூட்டம். இடம் கிடைக்காதவர்கள், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று இடம் பிடிப்பது உனக்குத் தெரியும். நீ திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாய், கல்யாணப் பந்தியில் பூதம் நிற்பது போல இருக்கிறது என்று. என் முதுகுக்குப் பின்னாலும் யாரோ வந்து நின்றார்கள். நான் எழ வேண்டுமென்று காத்திருக்கிற மூச்சு என் பிடரியில் பட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பின்னால் சுவர்தான் இருந்தது.

இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தேன். கைகழுவும் தொட்டி பேமிலி ரூமில் உள்ளது என்ற பழைய பழக்கத்தில் திரையை விலக்கிவிட்டேன். ஏகாம்பரம் உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! எம்மா நாளாச்சி. தங்கச்சி எங்க, பின்னாடி வருதா?"

என் கண் தகரப் பலகையின் மேல் போயிற்று. பேமிலிக்கு மட்டும். தனியாளாக அங்கே நிற்பதற்கு எனக்கு உரிமை இல்லை. உரிமை இல்லாத இடத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். என் வாய் தானாகச் சொல்லிற்று.

"வந்துகினு இருக்காங்க."

அவ்வளவுதான், வசந்தா. விதியை மீறக்கூடாது என்பதற்காக நான் உன்னை வரச்சொல்லிவிட்டேன்.

ஏகாம்பரம் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உன் இடத்தில் ஒன்று, என் இடத்தில் ஒன்று. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, நீ தாய் வீட்டுப் பக்கம் போயிருப்பதாகவும் பஸ் தவறியிருக்கும் என்றும் சொல்லி எழுந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் அவர் இரண்டு தம்ளர் வைத்தார். ஒவ்வொரு முறையும் நான் வாசலைப் பார்த்தேன். முதலில் அவர் நம்புவதற்காகப் பார்த்தேன். கார்த்திகைக்கு மேல் எதற்காகப் பார்த்தேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஊரெல்லாம் நீ இல்லை. அந்தப் பலகைத் தடுப்புக்குள் மட்டும் நீ பஸ்ஸைத் தவறவிட்டவள், ஊரிலிருந்து இன்னும் திரும்பாதவள், அடுத்த வாரம் வரப்போகிறவள். கல்லாவில் இருப்பவருக்கு உண்மை தெரிந்திருக்குமோ? தெரிந்தும் சும்மா இருந்தாரோ? ஒரு சனிக்கிழமை உன் தம்ளரில் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. நான்தான் மறந்து குடித்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் திரைக்கு வெளியே காத்து நின்றதும் உண்டு. மற்ற மேசையும் நிறைந்திருந்தது. "கொஞ்சம் இருங்கம்மா, சார் வூட்டுக்காரம்மா வருது," என்று ஏகாம்பரம் அவர்களைத் தடுத்துவிட்டார். அந்தப் பெண் ஹாலில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு குழந்தைக்கு இட்லி ஊட்டினாள். நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

இனி, தை மாதம் நடந்தது. ஏகாம்பரம் என் மேசைக்கு வந்து, தண்ணீர்கூட வைக்காமல், மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"சார், தங்கச்சிய நேத்து பாத்தேன்!"

"யாரை?"

"தங்கச்சிய சார். சாயங்காலம் செங்கல்பட்டு வண்டில ஏறிக்கினு இருந்துச்சி. நான் இங்க வாசப்படில நின்னுக்கினு, தங்கச்சி தங்கச்சின்னு கூப்ட்டேன். திரும்பல. பஸ்ஸு சத்தத்துல கேக்கல போல."

என்ன புடவை என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பொடவ எங்க சார் பாத்தேன்? நடய பாத்தேன். அந்த நட எனக்குத் தெரியாதா? கால எண்ணி எண்ணி வெக்கும் இல்ல, தண்ணில நடக்கறா மாதிரி."

ஆம், நீ அப்படித்தான் நடப்பாய். ஆவணியில் நானே கொள்ளி வைத்தேன். மூன்றாம் நாள் நானே எலும்பு பொறுக்கினேன். இவற்றில் எதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மறுநாள் மாலை செங்கல்பட்டு வண்டி புறப்படுகிற நேரத்துக்குப் பஸ் நிலையத்தில் நின்றேன். அதற்கு மறுநாளும் நின்றேன். ஏறுகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள், ஒரு பெண் பாதத்தை எண்ணி வைத்து ஏறினாள். நானும் ஏறிவிட்டேன். அவள் முன் இருக்கையில் அமர்ந்தாள். வண்டி நகர்ந்தது. கண்டக்டர் வந்து கை நீட்டினார்.

"எங்க சார்?"

நான் முன் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க போவணும்னு தெரியாமயா ஏறிக்கினே? இன்னா சார், படிச்ச மனுசன் மாதிரி கீறே, வூட்ல சொல்லிக்கினு வரலியா?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்புக்கு அந்தப் பெண் திரும்பினாள். உன் வயதுகூட இல்லை அவளுக்கு. முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வயல் ஓரமாகத் திரும்பி நடந்தேன். என் பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தே மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் பார்த்தது இவளையா? அவர் என்னைப் போல் ஏமாறுகிறவர் அல்லவே?

மாசியில் மல்லிகா வந்தாள். வந்த மறுநாள் சனிக்கிழமை. "அம்மா கூட்டிக்கினு போற ஓட்டலுக்குப் போலாம்பா," என்றாள். மாவு புளித்துவிடுகிறது, எண்ணெய் சரியில்லை, கூட்டம் அதிகம் என்று மூன்று காரணங்கள் சொன்னேன். மூன்றையும் அவள் தள்ளுபடி செய்தாள். உன் மகள்.

திரையை விலக்கி உள்ளே போனோம். ஏகாம்பரம் அவளைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மல்லி பொண்ணா? அடேயப்பா! ஆளே அடையாளம் தெரியல. குந்து கண்ணு, குந்து." ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று தம்ளர். மூன்றையும் முறையாக மூன்று இடத்தில் வைத்தார்.

"அம்மா பின்னாடி வருதா? ரவா இப்பவே போடச் சொல்லிடவா? நேரமாவும் இல்ல?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாய் திறக்கவில்லை, வசந்தா. உன் மகள்தான் சொன்னாள்.

"மாமா, அம்மா செத்துப் போய்ட்டாங்க. ஆவணில. ஆறு மாசம் ஆவுது."

ஏகாம்பரம் மூன்றாவது தம்ளரைக் கையில் எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சார்?" என்றார். "தாய் வூட்டுக்குப் போய் கீதுன்னு சொன்னியே சார்."

இத்தனை ஆண்டுகளில் அவர் என்னை ஒருமையில் அழைத்தது அதுவே முதல் தடவை. அது அவமதிப்பு அல்ல. என்னைத் தொட்டுக் கேட்க அவருக்கு வேறு வழியில்லை.

"சாவு சேதி சொல்லலியே சார். ஒரு ஆள் அனுப்ச்சிருந்தா ஓடியாந்திருப்பேனே. அண்ணே அண்ணேன்னு வாய் நெறைய கூப்புட்டுச்சே. அதுக்குக் கூடப் பொறந்தவன் இல்லன்னு ஒரு வாட்டி எங்கிட்ட சொல்லிச்சி. அப்ப பொறந்த வூட்டுக் கோடி யார் சார் போட்டது?"

அந்தக் கேள்விக்கு நான் இங்கே விடை எழுதுகிறேன். அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தபோது பெரியவர் ஒருவர், பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எங்கே என்று உரக்கக் கேட்டார். தாய் தந்தை போய்விட்ட உனக்கு, உடன்பிறந்தவர் இல்லாத உனக்கு, அங்கே யாரும் இல்லை. சடங்கில் குறை இருக்கக் கூடாது என்று நானே கடைக்கு ஆளனுப்பிப் புதுப்புடவை வாங்கி, கூட்டத்தில் நின்ற யாரோ ஒருவர் கையில் கொடுத்து, உன் மேல் போடச் சொன்னேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. முறை நிறைவேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். உண்மையான அண்ணன் அதே நேரத்தில், பஸ்ஸில் வந்தால் ஒன்றரை மணி நேரத் தொலைவில், உனக்குப் பிடித்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏகாம்பரம் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவர் முகம் மாறியது.

"அப்ப நான் பஸ் ஸ்டாண்டுல பாத்தது யாரு? நீ கேட்டுக்கினு கம்முனு இருந்தியே சார்? நான் கூப்ட்டேனே சார். பேர் வெச்சிக் கூப்டாத கொறயா, தங்கச்சி தங்கச்சின்னு கூப்ட்டேனே."

அவர் தம்ளரோடு உள்ளே போனார். வேறொருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் எழுந்தோம்.

வீட்டுக்கு நடக்கும்போது மல்லிகா கேட்டாள். "ஏம்பா இப்டி பண்ண?"

"போர்டுல பேமிலிக்கு மட்டும்னு போட்டிருந்துச்சும்மா. தனியாளா உக்கார முடியாது."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அம்மா இருந்தா உன்ன இன்னா சொல்லியிருப்பாங்க தெரியுமா?" என்றாள். தெரியும். ஆனால் உன் குரலில் அதைக் கேட்க இந்த ஆறு மாதங்களில் எவ்வளவோ முயன்றும் எனக்குக் கேட்கவில்லை. அந்த அறையில் நீ ஒரு நாளும் பேசவில்லை, வசந்தா. தம்ளரும் நாற்காலியும்தான் இருந்தன. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஓட்டல் வாசலில் நின்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். அவர் வேலைக்கு வரவில்லை. புது சப்ளையர் சொன்னார்: "பெரியவரு அன்னைக்கே ஊருக்குப் போயிட்டாரு சார். கெட்ட சேதி கேட்டாராம். அப்பவே கெணத்தாண்ட போயி, துணியோட தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு போனாரு. சரியா சாப்டறது இல்லயாம், தூங்கறது இல்லயாம். செத்தவங்களப் போவ வுடாம கூப்ட்டு நிறுத்திட்டேன்னு சொல்லிக்கினு கீறாராம்."

உடன்பிறந்தவனுக்கு உரிய தீட்டை அவர் தாமாகவே எடுத்துக்கொண்டு குளித்திருக்கிறார். அது மட்டுமல்ல. ஆறு மாதமாக என்னைப் பிடித்திருந்த எதுவோ இப்போது அவரைப் பிடித்திருக்கிறது. வாசற்படியில் நின்று தங்கையைக் கூப்பிட்ட ஒரு நல்ல மனிதரின் மேல் அதை ஏற்றிவிட்டவன் நான். என்னால் தூங்க முடிந்ததா என்று நீ கேட்க மாட்டாய். கேட்கவும் வேண்டாம்.

தேவசகாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதிய உணவு இடைவேளையில், கோப்புகள் அடுக்கிய அறையில் வைத்துச் சொன்னேன். "அவரு ஊரு எது?" என்றான்.

"காவாந்தண்டலம். நீ போய்ப் பக்குவமா சொல்லிட்டு வர்றியா?"

"நானா?" என்று சிரித்தான். அது கேலிச் சிரிப்பு அல்ல. ஆனாலும் எனக்குச் சுட்டது. "ஏம்பா, எங்க நைனா உங்காளுங்க வூட்டு சாவ எல்லாம் ஊர் ஊரா நடந்து போய் சொல்லிக்கினு இருந்தவரு. அவர் புள்ள நானு படிச்சி, உன் பக்கத்துல குந்திக்கினு பத்திரம் பாக்கறேன். மறுபடியும் என்னயே அனுப்பறியா?"

நான் நாணி நின்றேன். தேவசகாயம் என் தோளைத் தட்டினான்.

"நீ போ. எப்டி சொல்றதுன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோ. சாவு சொல்றவனுக்கும் ரூல் கீது. உனக்குத்தான் ரூல் புடிக்குமே. வாசல்லயே நிக்கணும். வூட்டுக்குள்ள போவக் கூடாது. குந்தக் கூடாது. தண்ணி குடுத்தாலும் வாங்கக் கூடாது. மொதல் வார்த்தையே சேதியா இருக்கணும். மழ வந்துச்சா, வெள்ளாம எப்டின்னு சுத்தி வளச்சி பேசக் கூடாது. யாரு, எப்போ, அவ்ளோதான். சொல்லிட்டு அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் நிக்கணும். அதுக்கு முன்னாடி திரும்பிட்டா அது சேதி இல்ல, வம்பு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அழுதவரு கேப்பாரு, நான் பாத்தது யாருன்னு. தெரியலன்னு சொல்லு. நானும் மூணு நாள் தேடிக்கினு போனேன்னு சொல்லு. அத்த நீ யாருகிட்டயும் சொன்னது இல்ல இல்ல?"

இல்லை. அவனிடம்கூட அப்போதுதான் சொன்னேன்.

வசந்தா, நான் எழுதிய பட்டியல்களை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அகர வரிசையில் ஒரு பிழை இல்லை. ஆனால் அந்தப் பெயர்களில் ஒருவருக்குக்கூட நான் என் வாயால் சொல்லவில்லை. தந்தி சொன்னது, அச்சுத்தாள் சொன்னது, அனுப்பிய ஆட்கள் சொன்னார்கள், மல்லிகா சொன்னாள். அந்த ஒற்றை வாக்கியம் என் நாவில் இதுவரை ஒரு முறையும் உருவானதில்லை. இந்தக் கடிதத்தையே பார். எத்தனை தாள் எழுதிவிட்டேன். ஏரியைப் பற்றியும் நெல் வண்டிகளைப் பற்றியும் தொடங்கினேன். தேவசகாயத்தின் தந்தை இந்தத் தாள்களைப் பார்த்திருந்தால் இதைச் செய்தி என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

நாளை ஞாயிறு. காலை முதல் வண்டியில் காவாந்தண்டலம் போகிறேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. யாரையும் உடன் அழைக்கமாட்டேன், கையில் பழம் பலகாரம் எதுவும் எடுத்துப் போகமாட்டேன். ஏகாம்பரத்தின் வாசலில், தெருவிலேயே நிற்பேன். அவர் வெளியே வந்ததும், நலம்கூட விசாரிக்காமல் சொல்வேன்: உங்கள் தங்கை வசந்தா இறந்துவிட்டாள். ஆவணி மாதம், வளர்பிறையில், விடியற்காலையில். உங்களுக்குச் சொல்லாமல் விட்டவன் நான். உன் பெயரை அவர் முதன்முதலாக அப்போதுதான் கேட்பார். அவர் என்னை ஏசினாலும் அழுதாலும், அவருடைய அழுகை முடியும்வரை அந்த வெயிலில் நிற்பேன்.

அதன் பிறகு நீ இறந்தவள் ஆகிவிடுவாய், வசந்தா. எல்லா இடத்திலும்.

நீ ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்திராத,
மல்லிகாவின் அப்பா